சோளக்காடு வரை ஏறச் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். கொல்லிமலைமேல், தேவனூர் நாட்டில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பலாமர நிழலில் நிறுத்தியிருந்தேன். காமிராவின் பின்கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். அப்படித் தலைகீழாக நின்ற கூட்டத்துக்கு அப்பால், யாரோடும் ஒட்டாமல், ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. குண்டனி நாட்டுச் சடையன். மிளகு மூட்டையோடு சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கியவர் அன்று மலைமேல் இருக்க வேண்டியவரே அல்லர்.

படம் எடுத்து முடிக்கும்வரை அவர் கிட்டே வரவில்லை. மணமக்கள் வீட்டுக்குள் போன பிறகு, முக்காலியை மடக்கக் கைகொடுக்க வந்தவரைப்போல வந்து, குனிந்தபடியே சொன்னார்.

“சாமானத்தையெல்லாம் கட்டிப்போடுங்க. கீழ போகோணும்.”

“அண்ணனுக்கு என்ன?”

“நேத்துப் பொழுது சாயப் போயிட்டாருங்க. கல்யாண ஊட்டுல இதைச் சொல்லப்படாதுன்னு நின்னேன். உங்களுக்காகத்தான் எடுக்காம வெச்சிருக்காங்க.”

நான் அழவில்லை. கையில் இருந்த லென்ஸ் மூடியைச் சட்டைப் பையில் போட்டேன், எடுத்தேன், மறுபடியும் போட்டேன். பந்தலில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுச் சடையனோடு புறப்பட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அங்கமுத்து அண்ணன் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களாகத்தான் இருப்பீர்கள். சேந்தமங்கலம் கடைவீதியில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிற மாடியை உங்களுக்குத் தெரியும். வெளியே நின்று படம் எடுத்தவர் அவர். உள்ளே இருட்டறையில் அதைக் கழுவி எடுத்தவன் நான். என் முகம் உங்களுக்கு நினைவிருக்காது. உங்கள் முகமெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. வாலிபத்தில் கூட்டுச் சேர்ந்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து கடைசி வரை சண்டை போட்டுக்கொண்டேதான் தொழில் செய்தோம். ஊரில் எங்களை மாமியார், மருமகள் என்று கேலி பேசுவார்கள். யார் மாமியார் என்பதில் மட்டும் ஊருக்கு ஒருமித்த கருத்து கிடையாது.

“அசையாதீங்க, அசையாதீங்க” என்று ஊரையே அதட்டிய அந்த மனிதரால் ஒரு நிமிஷம் சும்மா நிற்க முடியாது. காதைத் திருகுவார். வேட்டி முனையை இழுப்பார். முக்காலியைச் சுற்றிச் சுற்றி வருவார். இவரை யாராவது படம் எடுத்தால் புகை மாதிரிதான் விழும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்குச் சிரிப்பார். சிரித்தால் இரைப்பு வரும். இரைப்பு அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடருவார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. கல்யாணப் படம் நன்றாக வருவது காமிராக்காரன் கையில் இல்லை, மணமக்கள் கையில்தான் இருக்கிறது என்பார். “நீங்க ரெண்டு பேரும் குடுக்கோணும். நான் வாங்கி வெச்சுக்கறேன், அவ்வளவுதானுங்க” என்று எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். பழி வந்தால் கல்யாணக்காரர் தலையில் கட்டிவிட இது நல்ல வசதி என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கண்டுகொள்ள மாட்டார். முகூர்த்தம் முடிந்த கையோடு யாரையும் படத்துக்கு நிறுத்த மாட்டார். இரண்டு பேரும் முதலில் ஒருவாய் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். “பசிச்ச மூஞ்சி படத்துல கோவிச்ச மூஞ்சியாட்டம் விழும்” என்பார். விடியற்காலை முதல் பட்டினி கிடந்த எத்தனையோ பெண்களுக்கு அவரால் சோறு கிடைத்தது. இதற்காகவே அவரைப் பிடிக்காத மாமியார்கள் இருந்தார்கள்.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு முகமெல்லாம் மஞ்சள். நாங்கள் படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட்டில் மஞ்சள் கறுப்பாகத்தான் விழும். மஞ்சள் பூசிய பெண் படத்தில் கரிச்சட்டியைக் கவிழ்த்தது மாதிரி இருப்பாள். கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள் என்று அண்ணன் கேட்டதுதான் தாமதம், பெண்ணின் அம்மாயி ஒப்பாரியே வைத்துவிட்டாள். “கல்யாணத்தன்னைக்கு மஞ்சளைக் கழுவச் சொல்றியே, நீ நல்லா இருப்பியா?” என்றாள். பெண் தலையைக் குனிந்துகொண்டு அழத் தொடங்கினாள். அண்ணன் காதைத் திருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மாப்பிள்ளையிடம் போனார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, நீங்களும் அதே மாதிரி பூசிக்கறீங்களா?”

“நானா? எதுக்குங்க?”

“ரெண்டு பேரும் ஒரே நிறமா விழுந்தா, நாளைக்கு யாரும் உங்க ஊட்டுக்காரியை மட்டும் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். கூட்டம் சிரித்தது. அவர் பெண்ணைப் பார்த்தார். பிறகு மஞ்சள் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார். படத்தில் இரண்டு பேரும் இரண்டு கரிக்கட்டைகள். ஆனால் பெண்ணின் பல் தெரிகிறது. அந்தக் காலத்துக் கல்யாணப் படத்தில் சிரித்த வேறு பெண்ணை நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் மலையில் எடுத்த முதல் கல்யாணப் படம் பெரும் ரகளையில் முடிந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

கொல்லிமலைக்காரர்கள் அப்போதெல்லாம் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆயுசு குறையும் என்று பயம். அதனால் எங்கள் காமிரா முதலில் மலை ஏறியது இறந்துபோனவர்களுக்காகத்தான். குண்டனி நாட்டில் ஓர் ஊர்ப் பெரியவர் காலமானபோது கூப்பிட்டு விட்டார்கள். மலை வீடுகளில் நாற்காலி இருக்காது என்று எங்கள் தேக்கு நாற்காலியை ஓர் ஆள் தலையில் ஏற்றிக் கொண்டு போனோம். பெரியவரை அதில் உட்கார வைத்து, துண்டால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, மாலை போட்டு எடுத்தோம். படம் நன்றாக வந்தது. பெரியவர் வீட்டில் அதை மாட்டி வைத்தார்கள். நாட்டு ஜனமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

மறுவருஷம் அதே ஊரில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே நாற்காலியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டு போனோம். டவுன் வழக்கப்படி மாப்பிள்ளை உட்கார வேண்டும், பெண் நாற்காலி முதுகில் கை வைத்து நிற்க வேண்டும். மாப்பிள்ளை உட்கார்ந்தார். கூட்டத்தில் பேச்சு நின்றது. அப்புறம் ஒரு கிழவர் கத்தினார்.

“அய்யோ சாமி! இது எங்கண்ணனைக் கட்டி வெச்ச நாற்காலியில்ல!”

பெண் யாரையும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “ஏந்திரிங்க!” என்று ஒரே இழுப்பாக இழுத்தாள். தாலி கட்டியபின் அவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவர்களைப் பொறுத்தவரை நாற்காலியில் வைத்துப் படம் எடுப்பது செத்தவர்களை மட்டும்தான். உயிரோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த படத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. பெண்ணின் தாய் தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் தடியைத் தேடினார்கள். நான் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருந்தேன். அண்ணன் அந்த இரண்டு பேர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பு எங்களுதுங்க. இது இனிமேல் மலை ஏறாது” என்றார்.

கூட்டம் ஒருவழியாக அடங்கியது. இப்போது பெண்ணுக்குக் கை நடுங்குகிறது, மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. மர நிழலில், பனி மூட்டத்தில், எங்கள் பிளேட்டுக்கு நிறைய நேரம் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அதுவரை அவர்கள் அசையக்கூடாது. அண்ணன் அவர்களிடம் போய்ச் சந்தை விசாரணை மாதிரி பேசினார்.

“கீழ சந்தைக்கு வந்திருக்கியா கண்ணு?”

“ஒருக்கா வந்தேனுங்க.”

“அப்ப வழி தெரியும். ரெண்டு பேரும் இப்பக் காரவள்ளியில நிக்கறீங்க. கண்ணு இந்தக் கண்ணாடியப் பாக்கட்டும். மனசு மட்டும் ஏறட்டும். புளியமரம், ஊத்து, வழுக்குப்பாறை, அப்பறம் மலைமேல சோளக்காடு. சேந்தே ஏறோணும். ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் போகப்படாது. சோளக்காடு வந்ததும் நான் மூடியைப் போட்டுருவேன். மூச்சு விட்டுக்கலாம்.”

பெண்ணின் நடுக்கம் நின்றது. அந்தப் பிளேட்டை நான்தான் கழுவினேன். அதுவரை நான் கழுவிய கல்யாண முகங்களெல்லாம் காமிராவுக்குப் பயந்த முகங்கள். இவை எங்கோ சேர்ந்து போய்க்கொண்டிருக்கிற இரண்டு பேரின் முகங்களாக இருந்தன. அன்றிலிருந்து அண்ணன் எல்லா மணமக்களையும் மலை ஏற்றினார். மலைப்பாதை தெரியாத ராசிபுரத்துக்காரர்களைத் தேர்வீதி சுற்றி வரச் சொல்வார்.

நாற்காலியை விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வாங்கறவனுக்கு விஷயம் தெரியாதே தம்பி. தெரிஞ்ச ஆளே உக்காந்துக்கறேன்” என்று அதில் தானே உட்காரத் தொடங்கினார். வந்தவர்களுக்கு ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டோம்.

இனிச் சடையன் கல்யாணம். இதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பிளேட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிச்சம் இருந்த இரண்டு பிளேட்டோடு குண்டனி நாட்டுக்குப் போனோம். பெண் வெள்ளையம்மா, தேவனூர் நாட்டுக்காரி. அவளுடைய தாய் பலா பறிக்கும்போது விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தாள். மகள் கல்யாணத்தைப் பார்க்க வரமுடியவில்லை. “உன்ற கல்யாணக் கோலத்தை ஒருக்கா என்ற கண்ணுல காட்டிப்போடு கண்ணு” என்று சொல்லி அனுப்பியிருந்தாளாம். அந்தத் தாய்க்காகத்தான் இந்தப் படம். ஆயுசு குறையும் என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் வெள்ளையம்மா பிடிவாதமாக நின்று கேட்டதால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் போனபோது அவளுக்குக் காய்ச்சல். மலையில் சகஜமான முறைக்காய்ச்சல்தான், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து உலுக்கிவிட்டுப் போவது. கல்யாண நாள் காய்ச்சலின் முறை நாளாகப் போய்விட்டது. முதல் பிளேட்டில் அவள் உடம்பு ஆடியது கண்ணுக்கே தெரிந்தது. மாப்பிள்ளையை மட்டும் தனியாக எடுத்துவிடுங்கள் என்றார் ஒரு பெரியவர்.

“அவ இல்லாம என்ற மூஞ்சி எதுக்குங்க அத்தைக்கு?” என்றார் சடையன்.

அண்ணன் சாமானத்தைக் கட்ட விடவில்லை. காய்ச்சல் இறங்கட்டும் என்று பலாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் போய்விடும் என்று நான் முணுமுணுத்தேன். வெயில் நாளைக்கும் வரும் என்றார். பிற்பகலில் வெள்ளையம்மாவுக்கு வேர்த்தது. முகம் கழுவி, பூ வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“நிக்க முடியுமா கண்ணு?”

“நிக்கறேனுங்க. எங்கம்மா பாக்கோணும்.”

அண்ணன் சடையனை அவளுக்கு ஒட்டி, அரை அடி பின்னால் நிற்க வைத்தார். “உன்ற தோள்ல சாஞ்சுக்கட்டும். மாலை மறைச்சுக்கும். யாராச்சும் கேட்டா என்னைக் கேக்கச் சொல்லு” என்றார். கூட்டத்தில் சலசலப்புக் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கம்போல் இருவரையும் காரவள்ளியில் நிறுத்தி, ஏறச் சொன்னார். அந்தப் படம் நாங்கள் எடுத்ததில் நல்ல படங்களில் ஒன்று. பெண் களைத்திருக்கிறாள் என்று தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருக்கும்.

சில மாதம் கழித்துச் சடையன் ஸ்டூடியோவுக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“வெள்ளையம்மா போயிட்டாளுங்க. காய்ச்சல் விடவே இல்லை. படம் அத்தைகிட்ட இருக்குது. ராவும் பகலும் நெஞ்சு மேலேயே வெச்சுக்கிட்டுக் கெடக்குது, கேக்க மனசு வரலை. எனக்கொண்ணு போட்டுக் குடுப்பீங்களா?”

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். சடையன் போகாமல் நின்றார். பிறகு சொன்னார்.

“படம் எடுத்தன்னைக்கு அவ கேட்டாளுங்க, நீங்க சோளக்காட்டுக்குப் போயிட்டீங்களான்னு. போயிட்டேனேன்னு சொன்னேன். அவ சொன்னா, நான் ஊத்துகிட்டயே உக்காந்துட்டேன், என்னால முடியலைன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. நானும் சிரிச்சேன்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “நான் நின்னிருக்கோணுமுங்க.”

ஒருநாளும் இருட்டறைக்குள் வராத அண்ணன் அன்று என்னோடு உள்ளே வந்தார். சிவப்பு விளக்கடியில், மருந்துத் தண்ணீருக்குள் கிடந்த காகிதத்தில், அந்த இரண்டு முகமும் மெல்ல மெல்ல வந்தன. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “அவன் மேல தப்பில்லை தம்பி. சேந்து ஏறுங்கன்னு சொன்ன எனக்கு, முடியாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு தோணலையே” என்றார். நான் அவரை வெளியே போகச் சொன்னேன். என் கண்ணீரை அவர் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு அவருடைய புது வார்த்தைகள் நினைவிருக்கும். மலைப்பாதையைச் சொல்லி முடித்ததும், மூடியில் கை வைத்தபடி, “யாருக்காச்சும் முடியலைன்னா நின்னுக்குங்க. முன்னால போனவங்க காத்திருக்கோணும்” என்பார். ஒரு படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. எல்லோரும் சிரிக்கிறபோது தானும் சேர்ந்து சிரிக்கிற அவர், இதற்கு மட்டும் சிரித்ததே இல்லை.

இரைப்பு முற்றிய பிறகு அவரால் மலை ஏற முடியவில்லை. நான் போக ஆரம்பித்தேன். எனக்கு மனிதர்களோடு பழகத் தெரியாது. “பிளேட்டைப் பாக்கற கண்ணால ஆளைப் பாக்காத தம்பி” என்று சொல்லி அனுப்புவார். திரும்பி வந்ததும் படம் எப்படி என்று கேட்க மாட்டார்.

“ரெண்டு பேரும் சேந்து ஏறினாங்களா?”

“அவங்க மனசுக்குள்ள நடக்கறது எனக்கெப்படித் தெரியும்?”

“பிளேட்டைக் கழுவு. தெரியும்.”

எரிச்சலோடு போய்க் கழுவுவேன். அவர் சொன்னது சரிதான், தெரியும்.

படுத்தால் மூச்சு முட்டும் என்று கடைசி மாதங்களில் அந்தத் தேக்கு நாற்காலியிலேயே தூங்கினார். ஸ்டூடியோவிலிருந்து அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அவருடைய மனைவி காளியம்மாள் அண்ணி பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் தேவனூர் நாட்டுக்குப் புறப்படுகிறேன் என்று சொல்லப் போனபோதும் அதில்தான் இருந்தார். பேச முடியவில்லை. இரண்டு விரலை நடக்கிற மாதிரி நாற்காலிக் கைமேல் ஏற்றிக் காட்டினார். சொல்ல மறந்துவிடாதே என்று அர்த்தம். “மறக்க மாட்டேன்” என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது.

சடையனும் நானும் இறங்கினோம். அவர் முக்காலியைத் தோளில் வைத்திருந்தார், நான் பெட்டியைச் சுமந்தேன். வழுக்குப்பாறையைத் தாண்டி, ஊற்றில் தண்ணீர் குடித்தோம். ஊற்றங்கரையில் அவர் மட்டும் கொஞ்சம் அதிகமாக நின்றார். காரவள்ளியில் ஒரு வண்டி கிடைத்தது.

வெளிச்சம் இருக்கும்போதே சேந்தமங்கலம் வந்து சேர்ந்தோம். வாசலில் அண்ணனை அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தார்கள். துண்டால் கட்டியிருந்தார்கள். கழுத்தில் மாலை. படம் எடுத்துவிட்டால் தூக்கிவிடலாம் என்றார் ஒரு சொந்தக்காரர். கல்யாணத்துக்குக் கொண்டுபோனதில் ஒரு பிளேட் மிச்சம் இருந்தது. சடையன் முக்காலியை நிறுத்தினார். என் கைகள் பழக்கத்தில் வேலை செய்தன.

காளியம்மாள் அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நாற்காலிக்கு வலப்புறம் நின்று, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டார். டவுன் கல்யாணப் படங்களில் பெண்கள் நிற்கிற நிலை அது. இத்தனை வருஷம் எத்தனை பெண்களை அப்படி நிறுத்தியிருப்போம். நான் துணிக்குள் போனேன். இரண்டு பேரும் தலைகீழாகத் தெரிந்தார்கள். வெளியே வந்து, மூடியில் கை வைத்து, என்னை அறியாமல் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

“ரெண்டு பேரும் காரவள்ளியில நிக்கறீங்க...”

பாதியில்தான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. நிறுத்த முடியவில்லை. கூட்டத்தில் அழுகை அடங்கிவிட்டது. புளியமரம், ஊத்து, வழுக்குப்பாறை, சோளக்காடு என்று சொல்லி முடித்தேன். முடியாதவர்கள் நின்றுகொள்ளலாம், முன்னால் போனவர்கள் காத்திருக்க வேண்டும் என்பதையும் விடாமல் சொன்னேன். மூடியைத் திறந்தேன். மூடினேன்.

அண்ணி நாற்காலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தம்பி, நான் புளியமரத்துகிட்டயே நின்னுட்டேன். அதுக்கு மேல கால் வரலை. இவரு எங்க போய்க்கிட்டிருக்காரோ” என்றார்.

சடையன்தான் முன்னால் வந்தார்.

“காத்திருப்பாருங்கம்மா. எனக்கு யாரும் சொல்லலை, நான் போயிட்டேன். இவருக்குத் தெரியுமுங்க.”

அப்போதுதான் அண்ணி உடைந்து அழுதார். நானும் அழுதேன். பிறகு தூக்கினார்கள்.

அன்று இரவே பிளேட்டைக் கழுவினேன். புகை மாதிரி விழுவீர்கள் என்று நான் கேலி செய்த மனிதர் இம்மியும் அசையாமல் தெளிவாக விழுந்திருக்கிறார். அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. அண்ணியின் முகம் ஆடிப்போயிருக்கிறது. நாற்காலியைப் பிடித்த கை மட்டும் கூர்மையாக இருக்கிறது. நாற்காலியை என்ன செய்வது என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார் அண்ணி. அதன் பக்கத்தில்தான் இன்னமும் பாய் விரிக்கிறார்.

ஸ்டூடியோவைத் திறக்கிறேன். கல்யாணங்களுக்குப் போகிறேன். மணமக்கள் நான் சொல்வதைக் கேட்கிறார்கள், ஆனால் அது என் வார்த்தை இல்லை என்று அவர்களுக்கும் தெரிகிறது போலிருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தப் பாதை ஒன்றுதான். இருட்டறையில் காகிதத்துக்கு வெளிச்சம் காட்டும்போது நேரம் பார்க்க முன்பெல்லாம் எண்ணுவேன். இப்போது எண்ணுவதில்லை. காரவள்ளியிலிருந்து ஏறுகிறேன். புளியமரம் தாண்டுகிறேன், ஊற்றைத் தாண்டுகிறேன். அதற்கு மேலே எந்தத் திருப்பத்தில், எந்தக் கல்லில், இரைப்பு அடங்கட்டும் என்று காதைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களோ தெரியவில்லை. கொஞ்சம் இருங்கள் அண்ணா. அண்ணி இன்னும் புளியமரத்தடியில்தான் நிற்கிறார்.